ஜிட் போட்டால் மொத்தம் மைனஸில் வருகிறது, ஆனால் டெஸ்ட் 412-ம் பாஸ்

கேள்வி: பொடிக்காரன்

வணக்கம். ஒன்றரை வருடமாக ராத்திரி நேரத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழி எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர் பொடி. பார்க்க லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழி மாதிரி இருக்கும். எண்களை மட்டும் என் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறேன்: 32 பிட்டுக்குள் அடங்கும் முழு எண் முழு எண்ணாகவே இருக்கும், அதைத் தாண்டினால் தானாக டபுள் (64 பிட் தசம எண்) ஆகிவிடும். ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரியவும் கூடாது.

பைட்கோடு இன்டர்ப்ரெட்டர் (ஸ்கிரிப்டைச் சின்னக் கட்டளைகளாக்கி ஒவ்வொன்றாக ஓட்டுவது) ஒரு வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. பொங்கல் லீவில் கை சும்மா இருக்காமல் ஒரு ஜிட் (ஓடும்போதே பைட்கோடை மெஷின் கோடாக மாற்றும் கம்பைலர்) ஆரம்பித்தேன். பெரிய வேலை எதுவும் இல்லை. ஒரு லூப் 1000 சுற்றைத் தாண்டினால் அது சூடான லூப். அப்போது அதில் ஓடுகிற மதிப்புகள் என்ன வகை என்று பார்த்து, அந்த வகைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி எக்ஸ்86-64 மெஷின் கோடு எழுதி ஓடவிடுகிறேன். நடுநடுவே கார்டுகள் (காவல் சோதனைகள்): முழு எண்ணாக இருக்கும் என்று நம்பிய இடத்தில் வேறு ஏதாவது வந்தாலோ, கூட்டும்போது 32 பிட் வழிந்தாலோ, அந்தப் பைட்கோடிலேயே இன்டர்ப்ரெட்டரிடம் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

என்னிடம் 412 டெஸ்ட் இருக்கிறது. ஜிட் இல்லாமலும் பாஸ், ஜிட்டோடும் பாஸ். சந்தோஷமாக, மாமாவின் அரிசி மண்டியின் போன வருடப் பில்களைக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 4,312 பில், எல்லாம் பைசாவில்.

ஜிட் இல்லாமல்: 3,18,45,06,250
ஜிட்டோடு: −1,10,85,97,046

மூன்று கோடிக்கு வியாபாரம் செய்த மனிதரைக் கடனாளியாக்கிவிட்டது என் கம்பைலர். 32 பிட் வழிந்த வாசம் அடிக்கிறது, அது எனக்கும் தெரிகிறது. ஆனால் ஓவர்ஃப்ளோ கார்டு இருக்கிறது. டீபக்கரில் வைத்துப் பார்த்தேன், சரியான இடத்தில் விழுந்து இன்டர்ப்ரெட்டருக்குப் போகிறது. 2147483647 + 1 என்று தனி டெஸ்டே இருக்கிறது, அதுவும் பாஸ். எங்கே தேடுவது?

இன்னொன்று. ஜிட்டுக்கு ஆர்ம்64 (ராஸ்பெர்ரி பை மாதிரிச் சின்னக் கணினிகளின் பிராசஸர் வகை) பின்பகுதி ஒன்றும் பாதி எழுதியிருக்கிறேன். ராஸ்பெர்ரி பை 4-இல் சில சமயம் ஓடுகிறது, சில சமயம் இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று விழுகிறது. அதே பைனரி, அதே ஸ்கிரிப்ட். இது அவசரம் இல்லை. முதலில் மாமா.


பதில்: பழைய அசெம்பிளி

இரண்டு விடைகளையும் கழித்துப் பார்த்தீர்களா? 4,29,31,03,296 வருகிறது. வெறும் 32 பிட் வழிதல் என்றால் வித்தியாசம் கச்சிதமாக 4,29,49,67,296 (2-இன் 32-ஆம் அடுக்கு) இருக்க வேண்டும். 18,64,000 குறைகிறது. பைசாவை ரூபாயாக்கினால் 18,640.

மொத்தம் 2,14,74,836 ரூபாய் 47 பைசாவை (பைசாவில் 32 பிட் கொள்ளும் மிகப் பெரிய எண்) தாண்டுகிற இடத்தில் உங்கள் மாமா 18,640 ரூபாய்க்கு ஒரு பில் போட்டிருக்கிறாரா பாருங்கள். போட்டிருந்தால் அந்த ஒரு பில்லை மட்டும் உங்கள் ஜிட் இரண்டு தடவை கூட்டியிருக்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி. அந்த 412 டெஸ்டில், ஜிட் எழுதிய மெஷின் கோடு நிஜமாகவே ஓடியது எத்தனை டெஸ்டில்?


பதில்: பொடிக்காரன்

ஐயா, பில் எண் 2,907. கல்யாண வீட்டுக்குப் பொன்னி அரிசி. சரியாக 18,640 ரூபாய். ஸ்கிரிப்டையே பார்க்காமல் இதைச் சொல்லிவிட்டீர்கள், எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு கவுன்டர் போட்டு எண்ணினேன். மூன்று. 412-இல் மூன்று. மீதி எல்லாம் பத்து சுற்று, இருபது சுற்று லூப்கள். 1 முதல் 1000 வரை கூட்டும் டெஸ்டை ஜிட்டுக்காகவே சேர்த்திருந்தேன். ஆனால் கோடில் 1000-ஐத் தாண்டினால்தான் சூடு என்று இருக்கிறது, அது சரியாக 1000-இல் நின்றுவிட்டது. ஆக இரண்டு மாதமாக நான் சோதித்தது என் பழைய இன்டர்ப்ரெட்டரைத்தான்.


பதில்: நேர்வழி

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 4,312 பில்லைக் கூட்ட ஜிட் எதற்கு? மெஷின் கோடு எழுதி முடிப்பதற்குள் இன்டர்ப்ரெட்டர் கூட்டி முடித்துவிடும். வேகம்தான் வேண்டும் என்றால் லுவாவுக்கு ஜிட்டோடு லுவாஜிட் இருக்கிறது. மைக் பால் 2005-இலிருந்து செதுக்கியது. அதன் இன்டர்ப்ரெட்டரே அசெம்பிளியில் எழுதியது, ஜிட்டை அணைத்தாலும் சாதாரண லுவாவை விட வேகம். உங்கள் மொழியை அதன் மேல் மொழிபெயர்த்து ஓட்டிவிட்டுப் போகலாமே.


பதில்: பொடிக்காரன்

உண்மைதான், எதற்கும் தேவையில்லை. மாமா இந்தக் கணக்கைப் போன ஏப்ரலிலேயே கால்குலேட்டரில் போட்டு ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டார். லுவாஜிட்டில் ஓட்டலாம்தான், ஆனால் அப்போது ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் என்ன செய்வது?


பதில்: பழைய அசெம்பிளி

நியாயமான காரணம். பக் எங்கே என்று சொல்கிறேன், நீங்கள் கோடு போடாவிட்டாலும் ஏறக்குறைய தெரிகிறது.

எக்ஸ்86-இல் ஆட் (கூட்டல்) கட்டளை விடையை இடது பக்கத்து ரெஜிஸ்டரிலேயே (பிராசஸருக்குள் எண்ணை வைக்கும் சின்ன இடம்) எழுதிவிடும். மொத்தம் ஈஏஎக்ஸில், பில் ஈசிஎக்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆட் போட்டு, அடுத்த வரியில் ஓவர்ஃப்ளோ கொடி (வழிந்ததா என்று காட்டும் பிட்) ஏறியிருந்தால், இன்டர்ப்ரெட்டருக்குத் திருப்பும் எக்ஸிட்டுக்குத் தாவுகிறீர்கள். கார்டு சரியாகத்தான் விழுகிறது. ஆனால் அது விழும் நேரத்தில் ஈஏஎக்ஸில் இருப்பது பழைய மொத்தம் இல்லை, வழிந்து மைனஸாகிப்போன புது மொத்தம். எக்ஸிட் கோடு அதை அப்படியே எடுத்து மொத்தத்தின் இடத்தில் வைக்கிறது. இன்டர்ப்ரெட்டர் பாவம், அந்தக் கூட்டல் இன்னும் நடக்கவில்லை என்று நம்பி, அதே பைட்கோடை மறுபடி ஓட்டுகிறது. கல்யாண அரிசி இரண்டாம் தடவை விற்கப்படுகிறது.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, மொத்தத்தை ஒரு தற்காலிக ரெஜிஸ்டருக்கு மூவ் செய்து அங்கே கூட்டுங்கள். கார்டைத் தாண்டிய பிறகே அது புது மொத்தம். கூடுதலாக ஒரு மூவ்தான், இன்றைய பிராசஸர்களில் ரெஜிஸ்டருக்கு ரெஜிஸ்டர் மூவ் பெரும்பாலும் ரீநேமிங்கிலேயே கரைந்துவிடும். (முகவரி கணக்கிடும் லியா கட்டளை போட்டால் ஒரே கட்டளையில் முடியுமே என்று தோன்றும். அது கொடிகளைத் தொடாது, அதனால் இங்கே உதவாது. நானும் ஒரு காலத்தில் போட்டு ஏமாந்தவன்.) இன்னொன்று, எக்ஸிட் கோடில் அதே ஈசிஎக்ஸைக் கழித்துவிடுங்கள், வழிந்த எண்ணிலிருந்து கழித்தாலும் பழைய எண் சரியாகத் திரும்பும். இரண்டும் சரிதான். நான் முதலாவதைச் செய்வேன், ஏனென்றால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.

பக் இவ்வளவுதான். எனக்குக் கவலை உங்கள் டெஸ்ட் முறை பற்றி.

ஜிட் எழுதுகிறவர்கள் கூட்டலிலோ பெருக்கலிலோ அதிகம் தவறுவதில்லை. அது தப்பாக இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். தவறுவது கைமாற்றுகிற இடத்தில். இன்டர்ப்ரெட்டரிலிருந்து மெஷின் கோடுக்கும், அங்கிருந்து திரும்பியும். அந்த வாசல் சாதாரண ஓட்டத்தில் அபூர்வமாகத்தான் திறக்கும். உங்கள் மாமாவுக்கு 4,312 பில்லில் ஒரே ஒரு தடவை திறந்தது. ஆகவே டெஸ்டில் அந்த வாசலை வேண்டுமென்றே, சலிக்கச் சலிக்கத் திறந்து மூட வேண்டும்.

முதலில் சூட்டு எல்லையை வெளியிலிருந்து மாற்றும்படி வையுங்கள். லுவாஜிட்டில் அது 56, வேண்டுமானால் கட்டளை வரியிலேயே மாற்றலாம். ஃபயர்ஃபாக்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான ஸ்பைடர்மங்கியில் எடுத்தவுடனே அதன் அயன் கம்பைலருக்கு அனுப்பும் கொடி ஒன்று உண்டு. டெஸ்ட் ஓடும்போது உங்கள் எல்லை 1 ஆக இருக்கட்டும். ஒரே 412 டெஸ்டை ஜிட் அணைத்து, எல்லை 1-இல், எல்லை 2-இல், வழக்கமான 1000-இல் என்று ஓட்டி, வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 2 எதற்கு என்றால், முதல் சுற்றில் வகைகள் இன்னும் தெளிந்திருக்காது. இரண்டாம் சுற்றில் வேறு கோடு பிறக்கும்.

அடுத்தது இன்னும் முக்கியம். கார்டுகளைப் பொய்யாக விழவையுங்கள். கோடு எழுதும்போது டெஸ்ட் கொடி இருந்தால், ஏழாவது கார்டில் நிபந்தனைத் தாவலுக்குப் பதில் நிபந்தனையே இல்லாத தாவல் போடுங்கள். அடுத்த ஓட்டத்தில் எட்டாவதில். எந்தக் கார்டு எப்போது விழுந்தாலும் விடை மாறக்கூடாது, வேகம் மட்டும்தான் குறையலாம். இந்த ஒரு விதியை மீறும் எதுவும் பக். இந்த முறை இருந்திருந்தால் 2,907-ஆம் பில் வரை போயிருக்கவே வேண்டாம். 1 + 2 என்று ஒரு லூப் இருந்தாலே 5 என்று விடை வந்து மாட்டியிருக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான வி8-இலும் இத்தனை தடவைக்கு ஒருமுறை டீஆப்டிமைஸ் செய் (மெஷின் கோடிலிருந்து திரும்பிப் போ) என்று ஒரு கொடி இருந்தது.

அப்புறம் மதிப்புகள். 0, மைனஸ் 0, 1, −1, 2147483647, −2147483648, 0.5, இன்ஃபினிட்டி, நாட்-எ-நம்பர் (எண்ணே இல்லை என்று சொல்லும் மதிப்பு). இந்த ஒன்பதையும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்து, எல்லாச் செயல்பாட்டிலும், லூப்புக்குள் வைத்து ஓட்டுங்கள். உங்கள் ஓவர்ஃப்ளோ டெஸ்ட் லூப்புக்கு வெளியே இருந்ததுதான் அது பாஸ் ஆனதன் ரகசியம்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பிட்டுப் பார்ப்பது, இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் வாயே திறக்காது. 0-ஐ −5-ஆல் பெருக்கினால் உங்கள் மொழியில் என்ன வரும்? முழு எண்ணாகப் பெருக்கினால் 0. டபுளாகப் பெருக்கினால் மைனஸ் 0. 1-ஐ அதனால் வகுத்தால் ஒன்றில் பிளஸ் இன்ஃபினிட்டி, மற்றதில் மைனஸ். ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு வித்தியாசமே தெரியக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே தெரிந்துவிடும். இன்டர்ப்ரெட்டரிலும் ஜிட்டிலும் ஒரே கை எழுதியதுதானே, இரண்டும் ஒரே விடையைச் சொல்லிவிட்டுக் கம்மென்று இருக்கும். அதற்கு ஒரே வழி, விடையைக் காகிதத்தில் முதலில் எழுதிவிட்டு டெஸ்ட் போடுவது.


பதில்: பைக்குள் கணினி

பை பிரச்சினைக்குச் சுருக்கமாக. மெஷின் கோடு எழுதி முடித்த பிறகு இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷைச் (ஓட்டப்போகும் கட்டளைகளைப் பிராசஸர் எடுத்து வைக்கும் வேக நினைவகம்) சுத்தம் செய்கிறீர்களா? எக்ஸ்86-இல் நீங்கள் நினைவகத்தில் எழுதியதை ஹார்டுவேரே கவனித்துக்கொள்ளும். ஆர்மில் அப்படி இல்லை. நீங்கள் எழுதியது டேட்டா கேஷில் உட்கார்ந்திருக்க, பிராசஸர் அதே முகவரியில் முன்பு இருந்த பழைய பைட்டுகளை எடுத்து ஓட்டப் பார்க்கும். பழையது வெளியேறியிருந்தால் ஓடும், இல்லையென்றால் விழும். சில சமயம் என்று நீங்கள் சொன்னதே எனக்குப் போதும்.

ஜிசிசி, கிளாங் என்ற சி கம்பைலர்கள் இரண்டிலும் பில்டின் கிளியர் கேஷ் என்று ஒன்று இருக்கிறது. எழுதிய பகுதியின் தொடக்கம், முடிவு இரண்டையும் கொடுத்து, ஓட்டுவதற்கு முன் கூப்பிடுங்கள். எக்ஸ்86-இல் அது ஒன்றும் செய்யாது, அதனால் எல்லா இடத்திலும் விட்டுவைக்கலாம். எக்ஸிட் தாவல்களைப் பின்னால் திருத்தி எழுதுகிற பழக்கம் இருந்தால் அங்கேயும் மறக்காமல் போடுங்கள். நான் அதை மறந்து ஒரு வாரம் தொலைத்தேன், பழி முழுவதும் பவர் சப்ளை மேல்.

கோடு இருக்கும் நினைவகப் பக்கத்தை ஒரே சமயத்தில் எழுதவும் ஓட்டவும் திறந்து வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். எழுதும்போது எழுத மட்டும், பிறகு எம்ப்ரொடெக்ட் (பக்கத்தின் அனுமதியை மாற்றும் அழைப்பு) போட்டு ஓட்ட மட்டும். பின்னால் ஆப்பிள் சிலிக்கான் மேக் பக்கம் போனால் அங்கே இரண்டையும் ஒரே சமயத்தில் திறந்து வைக்க வழியே கிடையாது.


பதில்: பொடிக்காரன்

பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது இதே குழியில் விழுந்தால் உதவும்.

பை: கிளியர் கேஷ் கூப்பிடவே இல்லை. ஒரு வரி போட்டேன், மூன்று ராத்திரி விடாமல் ஓடவிட்டேன், விழவில்லை. நன்றி.

எல்லை 1: உடனே 23 டெஸ்ட் விழுந்தது. அதில் 14 ஒரே காரணம். டபுள் ஒப்பீட்டுக்கு யூகாமிஸ்டி போட்டுவிட்டு, சிறியதா என்று பார்க்க கேரி கொடியை நம்பியிருந்தேன். இரண்டில் ஒன்று நாட்-எ-நம்பர் என்றால் அந்தக் கட்டளை ஜீரோ, பாரிட்டி, கேரி மூன்றையும் ஏற்றிவிடுகிறது. ஆகவே என் ஜிட்டில் நாட்-எ-நம்பர் எல்லாவற்றையும் விடச் சிறியது, அதே நேரம் எல்லாவற்றுக்கும் சமம். இப்போது இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றிப் போட்டு, பெரியதா என்று கேட்கிறேன். நாட்-எ-நம்பர் வந்தால் அந்தத் தாவல் தானாகவே நடக்காது. சமமா என்பதற்கு மட்டும் பாரிட்டியைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எட்டு டெஸ்ட் மீதி எடுப்பதில். பொடியில் −7-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி 1, லுவா மாதிரி. பிராசஸரின் ஐடிவ் (முழு எண் வகுத்தல் கட்டளை) பூஜ்யத்தை நோக்கி வெட்டுவதால் −1 தருகிறது. குறி வேறாக இருந்து மீதி பூஜ்யம் இல்லை என்றால் வகுத்தியைக் கூட்டிச் சரிசெய்தேன். கடைசி ஒன்று வேடிக்கை. −2147483648-ஐ −1-ஆல் வகுத்தால் விடை 32 பிட்டில் கொள்ளாது, ஐடிவ் தப்பான விடைகூடத் தராமல் பிராசஸையே சாய்த்துவிடுகிறது. லினக்ஸ் அதற்கு ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன் என்று செய்தி போடுகிறது. முழு எண் வகுத்தலுக்கு! அந்த வார்த்தையை நம்பி டபுள் கோடில் ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன்.

பொய்க் கார்டு: இதுதான் என் கண்ணைத் திறந்தது. எல்லை 1-இல் எல்லாம் பாஸ் ஆன பிறகு இதைப் போட்டேன், 61 டெஸ்ட் விழுந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றுக்கும் ஒரே மேக்ரோ, அதனால் 58-க்குக் காரணம் மாமாவின் பில்லேதான். மீதி மூன்று வேறு. பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கும் கட்டளையில், சேர்த்த பிறகு ஒரு கார்டு வைத்திருந்தேன். அது விழுந்தால் இன்டர்ப்ரெட்டர் மறுபடியும் சேர்க்கும், பட்டியலில் ஒரே பொருள் இரண்டு தடவை. ரெஜிஸ்டரைத் தற்காலிகமாக வைக்கிற வித்தை இங்கே உதவாது, பட்டியல் நினைவகத்தில் மாறியே விட்டது. கார்டு முழுவதையும் சேர்ப்பதற்கு முன்னால் நகர்த்தினேன். முடியாத ஓரிடத்தில் எக்ஸிட்டை அடுத்த பைட்கோடுக்கு அனுப்புகிறேன்.

மைனஸ் 0: ஐயா சொன்னது போலவே இரண்டும் சேர்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தன. இன்டர்ப்ரெட்டரையும் மாற்றினேன். பெருக்கல் விடை 0 என்று வந்து, இரண்டில் ஒன்று மைனஸ் என்றால் டபுள் பாதைக்குப் போகிறது.

இப்போது மாமா கணக்கு இரண்டிலும் 3,18,45,06,250.

தற்செயலாக ஸ்கிரிப்ட் உண்டாக்கும் ஒரு ஜெனரேட்டரும் எழுத ஆரம்பித்துவிட்டேன், ஜெஸ்ஸி ருடர்மன் 2007-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வெளியிட்ட இதே மாதிரியான ஜெஎஸ்ஃபன்ஃபஸ் பற்றிப் படித்த தைரியத்தில். இருநூறு வரிதான். அதே ஸ்கிரிப்டை மறுபடி உண்டாக்க உதவும் விதை எண்ணைக் கோப்பின் முதல் வரியில் எழுதிவைக்கிறது. முதல் ராத்திரியே ஒன்று சிக்கியது, ஆனால் 90 வரி ஸ்கிரிப்ட், எந்த லூப் குற்றவாளி என்று தெரியவில்லை.


பதில்: பழைய அசெம்பிளி

முதல் எத்தனை லூப்பை மட்டும் கம்பைல் செய்யலாம் என்று ஒரு எண்ணை வெளியிலிருந்து கொடுக்கும்படி வையுங்கள். 0 என்றால் விடை சரி, 64 என்றால் தப்பு. 32 கொடுங்கள், பிறகு 16 அல்லது 48. ஆறு ஓட்டத்தில் குற்றவாளி லூப் கையில். எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பில் ஆப்டிமைசேஷன் பாஸ்களுக்கு (கோடை மேம்படுத்தும் படிகள்) இதே வித்தை உண்டு, ஆப்ட் பைசெக்ட் லிமிட் என்று. லூப் தெரிந்த பிறகு ஸ்கிரிப்டிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு, பக் இன்னும் நிற்கிறதா என்று பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று. அதைப் பொடியிலேயே எழுதலாம், ஆனால் ஜிட்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.


பதில்: பொடிக்காரன்

ஐந்தாவது ஓட்டத்திலேயே கிடைத்துவிட்டது. 90 வரி 7 வரி ஆனது. லூப்புக்குள் புதிதாக உண்டாக்கிய ஒரு சரம் ரெஜிஸ்டரில் மட்டும் இருக்கிறது, அந்த நேரம் பார்த்துக் குப்பை சேகரிப்பான் ஓடி, யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து அதை விடுவித்துவிடுகிறது. ரெஜிஸ்டருக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கு நான் சொல்லவே இல்லை. ஒவ்வொரு நினைவக ஒதுக்கீட்டுக்கும் சேகரிப்பானைக் கட்டாயமாக ஓட்டும் கொடி ஒன்றைப் போட்டு இன்று ராத்திரி விட்டிருக்கிறேன். பத்து நிமிடத்தில் 40 டெஸ்ட் போய்விட்டது, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது.